லெஸ் பாலா, எஸ்ஜியா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கிட்டார் வாங்குவதென்று முடிவுசெய்து, கிப்சன் பக்கம் மனம் சாய்ந்துவிட்டவர்களுக்கு அடுத்து வரும் குழப்பம் அநேகமாக ஒன்றுதான்: அந்த நிறுவனத்தின் இரண்டு மாடல்களில் லெஸ் பாலா, எஸ்ஜியா? நண்பர்களும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கூடியவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கிப்சனுக்கே சொந்தமான, விலை குறைந்த எபிஃபோன் வாங்க நினைப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இரண்டுமே கிப்சன்தானே? ஒரே நிறுவனம் ஏன் ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு கிட்டார் செய்கிறது?

முதல் லெஸ் பால் 1952-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்ற ஊரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. லெஸ் பால் அன்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த கிட்டார் கலைஞர். ஒப்பந்தம் போட்டு அவருடைய பெயரைக் கிட்டாருக்கு வைத்தார்கள். 1957-இல் அதில் ஹம்பக்கர் வகைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) வந்தது, 1958-இல் நடுவில் வெளிறி விளிம்பில் கருக்கும் சன்பர்ஸ்ட் நிறம் வந்தது. இன்று கோடிகளில் விலை பேசப்படும் அந்தக் கிட்டார்கள் அன்று கடைகளில் தேங்கின. ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் இறக்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டர் எடை குறைந்தது, உடம்போடு ஒட்டி நிற்பது. வாங்குபவர்கள் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

எனவே 1961-இல் கிப்சன் லெஸ் பாலையே அடியோடு மாற்றி வரைந்தது. மெல்லிய உடல், இரண்டு கூரிய கொம்புகள். இன்று எஸ்ஜி என்று நாம் சொல்லும் வடிவம் இதுதான், ஆனால் முதல் ஓரிரு ஆண்டுகள் அதன் பெயரும் லெஸ் பால்தான்! அந்த வடிவத்தில் லெஸ் பாலுக்குப் பங்கும் இல்லை, பெரிய பிரியமும் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் பெயர் நீங்கி, 1963 வாக்கில் எஸ்ஜி என்று ஆனது. சாலிட் கிட்டார் என்பதன் சுருக்கம். பிறகு எரிக் கிளாப்டன், மைக் புளூம்ஃபீல்ட் போன்ற கிட்டார் கலைஞர்கள் பழைய லெஸ் பாலைத் தேடிப்பிடித்து வாசிக்க, அதற்குக் கிராக்கி ஏறி, 1968-இல் கிப்சன் பழைய வடிவத்தையும் திரும்பக் கொண்டுவந்தது. எஸ்ஜியை லெஸ் பாலின் மலிவுப் பதிப்பு என்று கடைக்காரர் யாராவது சொன்னால் இந்த வரலாற்றை நினைவில் வையுங்கள்.

வடிவம் வேறு என்பது தெரிகிறது. உள்ளே என்ன வித்தியாசம்?

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அதிகம். இரண்டுக்கும் கம்பி அதிரும் நீளம் பெயரளவில் 24.75 அங்குலம். இரண்டிலும் 22 ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள்). வழக்கமான ஸ்டாண்டர்ட் மாடல்களில் இரண்டு ஹம்பக்கர், இரண்டு வால்யூம், இரண்டு டோன், ஒரு மூன்று நிலை சுவிட்ச். கழுத்து மஹோகனி மரம். அது உடலோடு பசையால் இணைக்கப்பட்டிருக்கும்.

வித்தியாசம் உடலில் இருக்கிறது. லெஸ் பால் தடித்த மஹோகனியின் மேல் மேப்பிள் பலகை ஒட்டி, வளைவாகச் செதுக்கப்பட்டது. நடுப்பகுதியில் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் கனம். எஸ்ஜி முழுக்க மஹோகனி, சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான். லெஸ் பாலின் சுவிட்ச் கழுத்துக்கு மேலே தோள் பக்கம் இருக்கும். எஸ்ஜியில் கீழே குமிழ்களுக்கு அருகில். கேபிள் செருகும் இடம் லெஸ் பாலில் விளிம்பில், எஸ்ஜியில் முன்முகத்தில். பாட்டின் நடுவே பிக்கப் மாற்றுகிறவர்களுக்கு அந்தச் சுவிட்ச் இருக்கும் இடம் சிறிய விஷயம் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று சொல்ல முடியுமா?

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சுத்தமான ஒலியில் இருந்து, இரண்டிலும் ஒரே வகை பிக்கப்பும் ஒரே அளவுக் கம்பியும் இருந்தால், பழகிய காது ஓரளவு சொல்லும். லெஸ் பாலின் கீழ்ஸ்தாயி தடித்திருக்கும், கார்வை சற்று நீளும். எஸ்ஜி நடுஸ்தாயியில் முன்னால் வந்து நிற்கும், தட்டியவுடன் சட்டென்று பேசும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டி, டிரம்ஸும் பேஸும் சேர்ந்துவிட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. எனக்கும் பல பதிவுகளில் தெரியாது.

ஒலிக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன் என்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசத்தை ஆம்பும் பிக்கப்பின் உயரமும் உங்கள் வலது கையும் உண்டாக்கும். கிட்டார் உங்கள் உடம்பில் எப்படி உட்காருகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பக்கத்தில் வரும் பாதிப் பதில்கள் அதைப் பற்றியவைதான்.

லெஸ் பால் அதிகக் கனம் என்கிறார்கள். உண்மையா, பயமுறுத்தலா?

உண்மை. நான்கு கிலோ என்பது சாதாரணம். நான்கரையைத் தாண்டுவதும் உண்டு. எஸ்ஜி மூன்று கிலோவைச் சுற்றி இருக்கும். உட்கார்ந்து அரை மணி நேரம் வாசிப்பவருக்கு இது பொருட்டே இல்லை. கச்சேரி மேடையில் மூன்று மணி நேரம் நிற்பவரின் இடது தோளைக் கேட்டுப் பாருங்கள்.

எடையைக் குறைக்க 1980களில் கிப்சன் மேப்பிளுக்குக் கீழே மஹோகனியில் துளைகள் போடத் தொடங்கியது. பின்னர் சில ஆண்டுகள் பெரிய அறைகளாகவே குடைந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே ‘லெஸ் பால்’ என்று பொதுவாக எடை சொல்ல முடியாது. வாங்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட கிட்டாரைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். பழைய கிட்டாரை அனுப்பி விற்பவரிடமும் எடையின் படத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அப்படியானால் எஸ்ஜிதான் வசதி. ஆனால் அதன் தலை கீழே விழுந்துகொண்டே இருக்குமாமே?

விழும், எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. உடல் லேசானது, கழுத்து உடலைவிட்டு வெகுதூரம் வெளியே நீள்கிறது, தோளில் போடும் ஸ்ட்ராப்பை மாட்டுவதற்கான முன்பக்கக் குமிழோ கழுத்தின் அடிப்பகுதியில் பின்புறம் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் கையை எடுத்தவுடன் தலைப்பகுதி தரையை நோக்கிச் சாயும். இடது கை கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் மணிக்கட்டு கெடும்.

தீர்வு மலிவானது. உட்புறம் சொரசொரப்பாக உள்ள அகலமான தோல் ஸ்ட்ராப் போட்டால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வழுவழுப்பான நைலான் ஸ்ட்ராப்போடு எஸ்ஜியைக் குறைசொல்வதில் நியாயமில்லை. கனமான சுருதித் திருகிகளை மாட்டினால் சாய்வு அதிகமாகும் என்பதையும் கவனியுங்கள்.

என் கை சிறியது. எதில் விரல் எட்டும்?

கம்பி நீளம் ஒன்றே என்பதால் ஃபிரெட்டுகளுக்கு இடையிலான தூரமும் ஒன்றேதான். ஆனாலும் எஸ்ஜியை முதன்முதலாக மடியில் வைப்பவர்கள் ‘முதல் ஃபிரெட் தூரத்தில் இருக்கிறதே’ என்பார்கள். அது பிரமை இல்லை. எஸ்ஜியில் கழுத்து முழுவதுமே இடப்புறம் தள்ளி நிற்கிறது. முதல் ஃபிரெட்டுக்குக் கை கூடுதலாக நீள வேண்டும், மேல் ஃபிரெட்டுகள் பக்கத்தில் வந்துவிடும். லெஸ் பாலில் பழகியவர் எஸ்ஜிக்கு மாறினால் சில நாள் ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடிப்பார்.

கை அளவுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது கழுத்தின் தடிமன். லெஸ் பால் ஸ்டாண்டர்டையே 50கள், 60கள் என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். முன்னது உருண்டு தடித்தது, பின்னது மெல்லியது. எஸ்ஜியிலும் மாடலுக்கு மாடல் மாறும். சிறிய கைக்கு எப்போதும் மெல்லிய கழுத்துதான் நல்லது என்பதும் இல்லை. கட்டைவிரலுக்குப் பிடிமானம் கிடைப்பதால் தடித்த கழுத்தில் களைப்பு குறைகிறது என்று சொல்லும் சிறிய கைக்காரர்களை எனக்குத் தெரியும்.

மேல் ஃபிரெட்டுகளில் நிறைய வாசிப்பேன். லெஸ் பால் தடுக்குமா?

தடுக்கும். அதன் கழுத்து 16-ஆவது ஃபிரெட் அருகிலேயே உடலோடு சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் தடித்த மூட்டைச் சுற்றிக் கையை வளைக்க வேண்டும். எஸ்ஜியில் 19-ஆவதுக்கும் 22-ஆவதுக்கும் இடையே, மாடலைப் பொறுத்து, மூட்டு வரும். இரு பக்கமும் வெட்டு இருப்பதால் கடைசி ஃபிரெட் வரை கை நேராகப் போகும். ஸ்லைடு (விரலில் மாட்டிய குழலைக் கம்பியில் வழுக்கி) வாசிக்கும் டெரெக் டிரக்ஸ் எஸ்ஜியை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மூட்டில் மரம் குறைவு என்பதால் எஸ்ஜியின் கழுத்தை லேசாகத் தள்ளினாலே சுருதி அசையும். சிலர் அதையே ஒரு நடுக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். பிடி இறுக்கமானவர்களுக்கு மட்டும் அது தொந்தரவு.

கர்நாடக இசையும் வாசிப்பேன், கமகத்துக்கு எது ஒத்துவரும்?

கம்பியை இழுத்துப் பிடிக்கும் கமகத்துக்கு இரண்டுமே சாதகம். 25.5 அங்குலம் உள்ள ஃபெண்டர் வகைக் கிட்டாரோடு ஒப்பிட்டால், அதே கம்பி அதே சுருதியில் இங்கே சுமார் 6 சதவீதம் தளர்வாக இருக்கும். மேல்ஸ்தாயி சஞ்சாரம் அதிகம் என்றால் முந்தைய பதில் பொருந்தும்: எஸ்ஜி. தரையில் சம்மணமிட்டு வாசிப்பவர்களுக்கும் மெல்லிய உடல் எளிது. ஆனால் தலை சாயும் விஷயம் அப்போதும் உண்டு, உட்கார்ந்தாலும் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிப்சன் கீழே விழுந்தால் தலை உடைந்துவிடும் என்கிறார்களே?

துரதிர்ஷ்டவசமாக ஆம், இரண்டிலுமே. தலைப்பகுதி 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது. சாய்வுள்ள இடத்தில் மஹோகனியின் மரநார் குறுக்காக வெட்டுப்படுகிறது. அதே இடத்தில்தான் கழுத்தின் உள்ளே ஓடும் டிரஸ் கம்பியைத் திருப்புவதற்கான குழியும் இருக்கிறது. ஸ்டாண்டிலிருந்து மல்லாந்து விழுந்தால் அங்கேதான் பிளக்கும். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பெட்டியில் வைத்துப் பயணம் செய்யும்போது தலைக்கு அடியில் வெற்றிடம் விட்டு, கழுத்துக்குத் தாங்கல் கொடுங்கள்.

உடைந்து நன்றாக ஒட்டப்பட்ட கிட்டார் பல ஆண்டுகள் உழைக்கும். சேகரிப்பாளர் சந்தையில் விலை கணிசமாக விழும் என்பதால், வாசிப்பதற்கு மட்டும் வாங்குகிறவருக்கு அது நல்ல வாய்ப்புகூட. விற்பவர் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது கம்பி மட்டும் சுருதியில் நிற்பதே இல்லை. எஸ்ஜி வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேனா?

தப்பியிருக்க மாட்டீர்கள். இரண்டுக்கும் தலைப்பகுதி ஒன்றே: பக்கத்துக்கு மூன்று திருகி. நட்டை (கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் பள்ளத்தில் அமரும் சிறு துண்டு) தாண்டியதும் கம்பிகள் பக்கவாட்டில் விரிந்து செல்கின்றன. மூன்றாவதும் நான்காவதும் அதிகக் கோணத்தில் வளைகின்றன. நட்டின் பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி அங்கே சிக்கி, இழுத்துவிட்டபின் பழைய இடத்துக்குத் திரும்பாது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். போதவில்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் பள்ளத்தைச் சீராக அராவச் சொல்லுங்கள். சுருதித் திருகிகளை மாற்றச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பட்ஜெட் அவ்வளவு இல்லை. எபிஃபோன் வாங்கினால் ஏமாந்தவன் ஆவேனா?

எபிஃபோன் 1957 முதல் கிப்சனுக்குச் சொந்தம். அதன் லெஸ் பாலும் எஸ்ஜியும் நகல்கள் அல்ல, உரிமையோடு செய்யப்படுபவை. பெரும்பாலும் சீனாவில் தயாராகின்றன. மேலே பழுப்பு அலைபோல் மின்னும் மேப்பிள் அநேகமாக மெல்லிய ஒட்டுப்படலம். மேற்பூச்சு பாலியூரித்தேன், கிப்சனில் நைட்ரோசெல்லுலோஸ். விரல்பலகைக்கு இப்போது பல மாடல்களில் இந்தியன் லாரல் போடுகிறார்கள். நம் காடுகளின் கருமருதுதான் அது!

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: ஸ்டாண்டர்ட் வகைகளில் கழுத்து ஒட்டப்பட்டிருக்கும், மிக விலை குறைந்தவற்றில் திருகாணியால் பொருத்தியிருக்கும். திருகாணிக் கழுத்தில் தவறு எதுவும் இல்லை, ஆனால் இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருக்க வேண்டும். முதல் மின்கிட்டார் என்றால் நான் எபிஃபோன் ஸ்டாண்டர்ட் வாங்கச் சொல்லி, மிச்சப் பணத்தை நல்ல ஆம்புக்கும் முதல் சர்வீஸுக்கும் ஒதுக்கச் சொல்வேன். கிப்சனை மோசமான ஆம்பில் செருகுவது வீண்.

ஜூனியர், ஸ்பெஷல் என்று வேறு பெயர்கள் வருகின்றனவே?

எளிய மாடல்கள். மேப்பிள் மேற்பலகை கிடையாது, உடல் தட்டை. ஜூனியரில் ஒரு பி-90, ஸ்பெஷலில் பெரும்பாலும் இரண்டு. பி-90 ஒற்றைச் சுருள் பிக்கப். ஒலி கரகரப்பாக, உயிரோட்டமாக இருக்கும், கூடவே மின்விளக்குகளின் இரைச்சலையும் பிடிக்கும். அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் கிப்சனில் பணியாற்றிய செத் லவர் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். லெஸ் பால் ஸ்பெஷலில் மேப்பிள் இல்லாததால், ஒலியில் அது எஸ்ஜிக்கே நெருங்கிய உறவு.

ஹெவி மெட்டலுக்கு எஸ்ஜி, புளூஸுக்கு லெஸ் பால் என்பது சரியா?

பெயர்களை அடுக்கினால் அப்படித் தோன்றும். பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி, ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் இருவரும் எஸ்ஜி. ஜிம்மி பேஜ், பீட்டர் கிரீன் என்றதும் லெஸ் பால். ஆனால் நற்செய்திப் பாடல்களை மின்கிட்டாரில் அதிரவைத்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப் கையில் இருந்தது மூன்று பிக்கப் கொண்ட வெள்ளை நிற எஸ்ஜி வடிவக் கிட்டார்தான். கிரீம் குழுவில் கிளாப்டன் வாசித்த, வண்ண ஓவியம் தீட்டிய கிட்டாரும் எஸ்ஜி. இசை வகையை வைத்துப் பிரித்தால் இந்த இருவருமே தவறான கிட்டார் வைத்திருந்தார்கள் என்றாகிவிடும்.

அயோமியின் கதை இங்கே பொருத்தம். பர்மிங்ஹாம் தொழிற்சாலை விபத்தில், கம்பியை அழுத்தும் கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர் அவர். விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைத் தேடி, பிறகு சுருதியையும் இறக்கி வாசித்தார். உலகம் கனமான ஒலி என்று கொண்டாடுவதில் பாதி அந்தக் கைக்கு ஏற்ற ஏற்பாடு.

சென்னை ஈரப்பதத்தில் எது தாங்கும்?

மரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். உட்குழிவான அகுஸ்டிக் கிட்டாரைவிடத் திடவுடல் கிட்டார் நன்றாகவே தாங்கும். பிரச்சினை தொடர்ந்த ஈரம் அல்ல, ஏசி அறைக்கும் வெளிக்காற்றுக்கும் மாறி மாறிப் போவது. கழுத்து வளையும், கம்பி உயரம் மாறும். பருவம் மாறும்போது டிரஸ் கம்பியைக் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துடையுங்கள். கிப்சனின் நைட்ரோ பூச்சு சில ரப்பர் தாங்கிகளோடு வினைபுரிந்து உருகும். ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருகிறார். ரோஸ்வுட் தடை என்று ஏதோ சொல்கிறார்களே?

2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தது உண்மை. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் இன்னமும் கடுமையான பட்டியலில் இருக்கிறது, அதனால் மிகப் பழைய கிட்டார்களுக்குக் கவனம் தேவை. சுங்க வரி தனி விஷயம். பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தப் பயம் பரவியதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்க அதிகாரிகள் 2009-இல் மடகாஸ்கர் கருங்காலி தொடர்பாகவும், 2011-இல் இந்தியாவிலிருந்து போன ரோஸ்வுட், கருங்காலிப் பலகைகள் தொடர்பாகவும் கிப்சனில் சோதனை நடத்தினார்கள். 2012-இல் மூன்று லட்சம் டாலர் அபராதத்தோடு விவகாரம் முடிந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் ரோஸ்வுட்டான தோதகத்தி இப்படியும் ஒருமுறை செய்தியில் அடிபட்டது.

பாதி விலைக்கு ‘அசல் கிப்சன்’ கிடைக்கிறது. நம்பலாமா?

வரிசை எண்ணை நம்பாதீர்கள், அதை யாரும் பொறிக்கலாம். தலைப்பகுதியில் டிரஸ் கம்பியின் குழியை மறைக்கும் சிறிய மூடியைப் பாருங்கள்: கிப்சனில் இரண்டு திருகு, போலிகள் பலவற்றில் மூன்று. மூடியைக் கழற்றினால் அறுகோணப் பித்தளை மரை தெரிய வேண்டும். ஆலன் சாவி போடும் துளை தெரிந்தால் அமெரிக்காவில் செய்த கிப்சன் இல்லை. மூடியைக் கழற்ற விற்பவர் மறுத்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களிடம் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதை வாங்குவீர்கள்?

எஸ்ஜி. எடையும் மேல் ஃபிரெட்டும்தான் காரணம். பெரும்பாலும் உட்கார்ந்து, தடித்த தாளக்கட்டு அதிகம் வாசிப்பவர் என்னோடு சண்டைபோட்டு லெஸ் பால் வாங்கினால் அவரைத் தடுக்க மாட்டேன். மடியில் அது அசையாமல் நிற்பதுபோல் எஸ்ஜி நிற்காது.

கடையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். என்ன செய்து பார்ப்பது?

ஆம்பைத் தொடாதீர்கள். முதலில் ஸ்ட்ராப்பைக் கேட்டு வாங்கி மாட்டி, நின்று, இரு கையையும் எடுத்துவிடுங்கள். தலை எங்கே போகிறதென்று பாருங்கள். முதல் ஃபிரெட்டில் ஒரு எஃப் மேஜர், 17-ஆவதுக்கு மேலே ஒரு ஸ்வர வரிசை, மூன்றாவது கம்பியை இரண்டு முறை முழுதாக இழுத்துவிட்டுச் சுருதி பார்ப்பது. பிறகு உட்கார்ந்து இவற்றையே இன்னொரு முறை. அடுத்த கிட்டாரிலும் அப்படியே செய்யுங்கள். நேரம் மிச்சமிருந்தால் கேபிளைச் செருகலாம்.